விரல் தொட்டும் திரை திறக்கவில்லையே, ஏன்?

மாணவர்களே, உங்கள் விரல் பட்டதும் திறக்கும் கைப்பேசி, பாட்டி தொடும்போது மட்டும் அசையாமல் இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று சொல்லி அவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். குறை பாட்டியிடமா, அந்தச் செயலியை வடிவமைத்தவரிடமா? அறிவியலைக் கேட்டுப் பார்ப்போம்.

இது சின்ன விஷயம் அல்ல. பாயான் பாருவின் பல அடுக்குமாடி வீடுகளில் பகலில் பெற்றோர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள்; நீங்கள் பள்ளிக்கு வந்துவிடுகிறீர்கள். வீட்டில் மீதி இருப்பவர் தாத்தாவோ பாட்டியோதான். உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. தனிமை நீடித்தால் பக்கவாதம், இதய நோய், நினைவாற்றல் குறைவு ஆகியவற்றின் அபாயம் கூடும். முதியவரை அவருடைய நண்பர்களோடு இணைக்கும் ஒரு நல்ல செயலி மருந்துக்குச் சமம். ஆனால், அதை அவரால் பயன்படுத்த முடிய வேண்டும்.

உடல் மாறுகிறது, திரை மாறவில்லை

முதலில் விரல். கைப்பேசித் திரையின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் வலைபோல ஓடுகின்றன. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே விரல் நெருங்கும்போது அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் கைப்பேசி 'தொடுதல்' என்று புரிந்துகொள்கிறது. வயதாகும்போது வியர்வைச் சுரப்பிகளின் வேலை குறைந்து, தோல் வறண்டுவிடும். வறண்ட விரல் தரும் சைகை வலுவிழந்திருக்கலாம். திரை கேட்கவில்லையே என்று பாட்டி அழுத்திப் பிடிப்பார். உடனே கைப்பேசி அதை 'நீண்ட அழுத்தம்' என்று எண்ணி வேறு எதையோ திறந்துவிடும்.

அடுத்து கண். வெள்ளெழுத்து உங்களுக்குத் தெரியும். விழிவில்லை நெகிழ்ச்சியை இழப்பதால் அருகிலுள்ள எழுத்து மங்கும். அதோடு விழிவில்லை மஞ்சளாகி, நீல ஒளியைத் தடுக்கிறது. கண்மணியும் சுருங்குவதால் உள்ளே போகும் ஒளி குறைகிறது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து உங்களுக்கு அழகாகத் தெரியலாம். தாத்தாவுக்கு அது வெற்றுத் திரை. அதனால்தான் இணைய அணுகல் வழிகாட்டிகள், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கின்றன. வெள்ளையில் கறுப்பு எழுதினால் அது 21:1.

பிறகு காது. முதுமையில் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்கும். கீச்சென்ற அறிவிப்பு ஒலி கேட்காது. தாழ்ந்த ஒலியும் அதிர்வும் சேர்ந்தால் தெரியும்.

81 வயதில் ஒரு செயலி

ஜப்பானின் மசாகோ வாகாமியா 1935இல் பிறந்தவர். வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அம்மாவைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டியிருந்ததால், வெளியுலகத் தொடர்புக்காகக் கணினி கற்று, முதியோருக்கான இணையக் குழு ஒன்றில் சேர்ந்தார். முதியோருக்கு ஏற்ற விளையாட்டுச் செயலிகள் இல்லையே என்று கண்டு, 2017இல் தம் 81ஆம் வயதில் தாமே ஒன்றை உருவாக்கினார். பாரம்பரியப் பொம்மைகளைப் படிகளில் சரியாக அடுக்கும் 'ஹினாடான்' என்ற விளையாட்டு அது. முதிய விரல்களுக்குத் திரையில் இழுப்பது கடினம் என்பதால், அதில் தட்டினாலே போதும்.

நம் நாட்டில் நடந்த பாடமும் உண்டு. கோவிட்-19 காலத்தில் கடைக்குள் நுழைய மைசெஜாத்ரா செயலியில் கியூஆர் குறியீட்டை வருடினோம். கைப்பேசி இல்லாதவர்கள் வாசலில் இருந்த புத்தகத்தில் பெயர் எழுதினார்கள். தடுப்பூசிக்கு முதியோரின் பெயரைப் பிள்ளைகள் தங்கள் செயலியிலேயே பதிய முடிந்தது. மாற்று வழி ஒன்றும், உதவுபவருக்கு ஓர் இடமும் இருந்தால் முதியோர் வெளியே நிற்க வேண்டியதில்லை.

நீங்கள் வடிவமைத்தால்?

ஒரு திரையில் மூன்று பொத்தான்கள் போதும். ஒவ்வொன்றும் குறைந்தது 9 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். பெரிதானால் இன்னும் நல்லது. படத்தோடு சொல்லும் சேர்ந்து வரட்டும். தமிழ் படிக்கத் தெரியாமல் பேச மட்டும் தெரிந்த பாட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குரல்வழி வேண்டும். தொலைபேசி மோசடிகள் மலிந்த காலம் இது. எனவே தெரிந்தவர் மட்டுமே அழைக்க முடிய வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, செயலி அவரை வீட்டைவிட்டு வெளியே அழைத்துப் போக வேண்டும். சமூக நலத்துறையின் முதியோர் நடவடிக்கை மையத்தில் இன்று என்ன நடக்கிறது, யார் வருகிறார்கள், கூடப் போகத் துணை உண்டா என்று அது சொன்னால், திரையில் தொடங்கிய பேச்சு நேரில் தொடரும்.

செய்து பாருங்கள்: விரல் நுனிக்குப் பதிலாக நகத்தால் மட்டும் திரையைத் தொடுங்கள். மஞ்சள் கண்ணாடித்தாள் வழியே உங்களுக்குப் பிடித்த செயலியைப் பாருங்கள். பிறகு தாளில் மூன்று பொத்தான்கள் வரைந்து உங்கள் வீட்டு முதியவரிடம் கொடுத்து, "நண்பரை அழைக்க எதைத் தொடுவீர்கள்?" என்று கேளுங்கள். அவர் தயங்கும் இடத்தில் விளக்கம் சொல்லாதீர்கள். தாளைத் திருத்துங்கள்.