நீலப் பட்சிகளின் கூட்டுப் பெட்டிகள்

வேலிக் கம்பத்தில் ஒரு மரப்பெட்டியை அறைந்துவிடுவது சொற்ப நேர வேலையே. அதனைப் பல வருஷங்கள் சுத்தமாக வைத்துப் பாதுகாப்பதுதான் கடினம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீலப் பட்சிகளின் பொருட்டுச் சம்பளமின்றி உழைத்துவரும் தொண்டர்கள் இதனை அநுபவத்தால் அறிந்திருக்கின்றனர்.

கிழக்கத்தி நீலப் பட்சி ஏறக்குறைய 7 அங்குல நீளமுள்ளது. முதுகு நீலமாகவும் மார்பு செம்பழுப்பாகவும் இருக்கும். வேலியின்மீது அமர்ந்திருந்து, தரையில் வெட்டுக்கிளி, சிள்வண்டு, கம்பளிப்புழு முதலியவற்றைக் கண்டதும் பாய்ந்து பிடித்துத் தின்னும். பனிக்காலத்தில் காட்டுப் பழங்களை உண்ணும். ஆகையால் குடியானவர்களுக்கு இது வேண்டிய பட்சியே. ஆயினும் மரத்தைக் குடையும் சக்தி இதற்கில்லை. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்துகளையும், உளுத்த வேலிக் கம்பங்களையுமே நம்பியிருந்தது. பட்ட மரங்கள் வெட்டப்பட்டு, இரும்புக் கம்பங்கள் வந்தபின் இதற்கு வீடில்லாமற் போயிற்று. எஞ்சிய பொந்துகளையும் அயல்நாட்டிலிருந்து வந்த இரண்டு பட்சிகள் கைப்பற்றின. ஒன்று 1890-ல் நியூயார்க்கில் விடப்பட்ட ஸ்டார்லிங். மற்றொன்று 1850-களில் கொண்டுசெல்லப்பட்ட, நம் வீட்டு இறவாரத்தில் வாழும் சிட்டுக்குருவியேயாகும்! இங்கே நாம் பிரியமுடன் பாராட்டும் குருவி, அங்கே நீலப் பட்சியின் முட்டைகளை உடைத்தும், சில சமயங்களில் தாயையுங்கூடக் கொத்திக் கொன்றும் வருகிறது.

இல்லினாயிலுள்ள குவின்ஸி நகரத்து டாக்டர் டி. இ. மஸ்ஸல்மன் 1934-ல் சாலையோரங்களில் வரிசையாகப் பெட்டிகளை அமைக்கலானார். பின்னர், அந்நாட்டு விவசாய இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்ற லாரன்ஸ் ஜெலனி என்பவர் 1978-ல் வட அமெரிக்க நீலப் பட்சிச் சங்கத்தை நிறுவினார்.

பெட்டியின் வாயில் ஒன்றரை அங்குல விட்டமுள்ளதாயின் ஸ்டார்லிங் நுழையமுடியாது. சிட்டுக்குருவியோ தாராளமாக நுழையும். இதனாலேயே கவனிப்பாரற்ற பெட்டி நன்மைக்குப் பதிலாகத் தீமை விளைக்கிறது. பருவந்தோறும் சத்துருவின் குஞ்சுகளே அதில் பெருகுகின்றன. நாட்டுப் பட்சிகளின் முட்டையுள்ள கூட்டைக் கலைப்பது 1918-ம் வருஷத்துச் சட்டப்படி குற்றமாகும். சிட்டுக்குருவிக்கு அப்பாதுகாப்பு கிடையாது. ஆகவே தொண்டர் முதலிற் கற்க வேண்டியது, கூடு யாருடையது என்பதே. உலர்ந்த புல்லாலோ பைன் மரத்து ஊசியிலையாலோ கிண்ணம்போல் ஒழுங்காக அமைந்திருந்தால் அது நீலப் பட்சியினுடையது. காகிதம், இறகு, குப்பை எல்லாம் கலந்து பெட்டி நிறையத் திணித்திருந்தால் சிட்டுக்குருவியினுடையது.

தொண்டர்கள் நிலச் சொந்தக்காரரின் அநுமதி பெற்று, பருவகாலத்தில் வாரம் ஒருமுறை பெட்டிகளைச் சுற்றிவருகின்றனர். முதலில் மெதுவாகத் தட்டித் தாய்ப் பட்சிக்கு அறிவித்தபின்பே பக்கப் பலகையைத் திறக்கிறார்கள். ஒருவகை ஈயின் புழுக்கள் கூட்டினடியில் மறைந்திருந்து குஞ்சுகளின் இரத்தத்தை உறிஞ்சுவதுண்டு. அப்போதும், மழையால் கூடு நனைந்தபோதும், குஞ்சுகளைப் பத்திரமாக எடுத்து வைத்து, புதிய உலர்ந்த புல்லால் கூடு அமைத்துத் திரும்ப விடுகின்றனர். குஞ்சு பொரித்துப் 13 நாட்களான பின் பெட்டியைத் திறப்பதில்லை. திறந்தால் பறக்கத் தெரியாத குஞ்சுகள் வெளியே குதித்து மாண்டுபோகும். ஏறக்குறைய 18-ம் நாளில் அவை தாமாகவே வெளியேறும். உடனே பழைய கூட்டை அகற்றித் தூரத்தில் எறிகிறார்கள். அருகிலேயே போட்டால் அது பாம்புக்கும் ரக்கூனுக்கும் வழிகாட்டும். முட்டை, குஞ்சு ஆகியவற்றின் எண்ணிக்கையைக் குறித்துக் கார்னெல் சர்வகலாசாலையின் பறவை ஆராய்ச்சி நிலையத்திற்கு அனுப்புவோரும் உண்டு.

பனிக்காலத்தில் காலிப் பெட்டிகளில் எலிகள் குடியேறும். அவற்றின் எச்சத் தூசியால் கொடிய நோய் வரக்கூடுமாதலின், மூக்கை மூடிக் கையுறை அணிந்து, கழிவை நனைத்தபின்பே வழிக்கின்றனர். கம்பத்தில் பொருத்திய தகரக் கூம்பு தளர்ந்திருந்தால் இறுக்குகின்றனர்.

1966 முதல் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பின்படி இப்பட்சியினம் மறுபடியும் பெருகியுள்ளது. மூப்பினாலோ பிணியாலோ பெட்டிகளைச் சுற்றிவர இயலாத தொண்டர், அவற்றை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டுமென்றும், ஏற்பாரில்லையெனில் கம்பத்தினின்று கழற்றி விட வேண்டுமென்றும் அனுபவசாலிகள் சொல்லுகின்றனர்.