மலைகளின் மேல் ஒரு கோடு: கர்னல் ஹோல்டிச் விட்டுச் சென்ற பாடம்

ஆப்கானிஸ்தானுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் சுமார் 2,600 கி.மீ. நீளத்துக்கு ஓர் எல்லை ஓடுகிறது. டூரண்ட் கோடு என்பது அதன் பெயர். தோர்கம் வாயில் மூடப்பட்டது, லாரிகள் வரிசையில் நிற்கின்றன என்று செய்தி வரும்போதெல்லாம் பேசப்படுவது இந்தக் கோடுதான். ஒரே மொழி பேசி, ஒரே கிப்லாவை நோக்கித் தொழும் பஷ்தூன் கோத்திரங்கள் இதன் இருபுறமும் பிரிந்து வாழ்கின்றன.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் இருவர். ஒருவர் காபூல் அமீர் அப்துர் ரஹ்மான் கான். மற்றவர் பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் மார்டிமர் டூரண்ட். நாள் 1893 நவம்பர் 12. ஆனால் காகிதத்தில் எழுதியதை மலையில் அடையாளமிட நில அளவையாளர்கள் தேவைப்பட்டனர். அவர்களில் முக்கியமானவர் கர்னல் தாமஸ் ஹோல்டிச்.

படை வீரர், அளவையாளர்

1843இல் இங்கிலாந்தில் பிறந்த ஹோல்டிச், 1862இல் ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். பூட்டான், அபிசீனியா, இரண்டாம் ஆப்கன் போர் என்று படை சென்ற இடங்களுக்கெல்லாம் அளவைக் கருவிகளோடு சென்றார். 1884 முதல் ரஷ்ய - ஆப்கன் எல்லை ஆணையத்தில் பணியாற்றினார். பிறகு இந்திய எல்லைப்புற அளவைத் துறையின் தலைவரானார். 1895இல் பாமிர் எல்லையையும், 1896இல் பாரசீக - பலூச்சிஸ்தான் எல்லையையும் வகுப்பதில் பங்கு வகித்தார்.

டூரண்ட் கோட்டைக் குறிக்கச் சென்றபோதுதான் உண்மை நிலை தெரிந்தது. பார்க்காத நிலத்தைப் பார்த்ததுபோல் ஒப்பந்தம் எழுதப்பட்டிருந்தது. குனார் பக்கத்தில் இரு வேறு பள்ளத்தாக்குகளை ஒன்றென்று எண்ணியிருந்தார்கள். மொஹ்மந்து பகுதியின் பெரும்பாகத்தில் அப்போது எல்லை அடையாளம் இடவே முடியவில்லை. அங்கே வாழ்ந்த மக்களிடம் யாரும் சம்மதம் கேட்கவுமில்லை. 1897இல் எல்லைப்புறக் கோத்திரங்கள் பெரும் கிளர்ச்சியில் இறங்கியதற்கு இந்த எல்லைப் பிரிப்பும் ஒரு காரணம்.

மறைந்துபோன பெயர்கள்

வெள்ளை அதிகாரிகள் நுழைய முடியாத நாடுகளுக்கு, பயிற்சி பெற்ற முஸ்லிம் அளவையாளர்கள் வணிகர்களைப்போல அனுப்பப்பட்டனர். 1863இல் முஹம்மது ஹமீத் லடாக்கிலிருந்து யார்கண்டை அடைந்தார். திரும்பும் வழியில் இறந்தார், அவருடைய குறிப்புகள் மட்டுமே வந்து சேர்ந்தன. 1868-69இல் மிர்ஸா ஷுஜா காபூலிலிருந்து பாமிர் வழியாகக் காஷ்கர் வரை சென்றார். பிந்தைய பயணம் ஒன்றில் கொல்லப்பட்டார். இந்திய அளவையாளரான கான் பகதூர் இமாம் ஷரீஃப், 1893-94இல் தியோடர் பென்ட் குழுவுடன் யமனின் ஹள்ரமவ்த் சென்று வரைபடம் தயாரித்தார். புகழ் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே போயிற்று.

அவர் எழுதியவை

1898இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஹோல்டிச், எழுத்தில் இறங்கினார். 1901இல் தம் எல்லைப்புற அனுபவங்களையும், 1910இல் இந்தியாவின் வடமேற்குக் கணவாய்களின் வரலாற்றையும் நூல்களாக்கினார். சிலி - அர்ஜென்டினா எல்லைத் தகராறைத் தீர்க்கவும் அழைக்கப்பட்டார். அது பற்றி 1904இல் ஒரு நூல் எழுதினார். நிலத்தையும் பாதையையும் அறிய இன்றும் அவருடைய நூல்கள் பயன்படும். ஆனால் அவை ஆட்சியாளரின் கண்ணால் பார்த்தவை என்பதை மறந்து படிக்கக் கூடாது.

1916இல் அவர் எழுதிய எல்லைகள் பற்றிய நூலின் மையக் கருத்து இது: நல்ல எல்லை என்பது மக்களைத் தெளிவாகப் பிரித்து வைக்கும் தடுப்பு, அதற்கு மலைத்தொடரே சிறந்தது, பிரித்து வைத்தால் சண்டை குறையும். அதே காலத்தில் லையனல் லைட் என்ற புவியியல் அறிஞர் இதை மறுத்தார். மக்கள் இயல்பாகச் சந்திக்கும் இடத்தில்தான் எல்லை அமைய வேண்டும் என்பது அவர் வாதம்.

இந்த விவாதத்தை ஒரு முஸ்லிம் வாசகர் எளிதில் கடந்துபோக முடியாது. சமூகங்களும் கோத்திரங்களும் எதற்காக என்ற கேள்விக்கு சூரத்துல் ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் விடை தருகிறது. ஒருவரையொருவர் அறிந்துகொள்வதே அங்கே நோக்கம். விலக்கி வைப்பது அல்ல.

கோடு அமைதி தந்ததா? 1947இல் பாகிஸ்தான் ஐ.நா.வில் சேர்வதை எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு ஆப்கானிஸ்தான். 1949இல் காபூலில் கூடிய பெருஞ்சபை இந்த எல்லையை ஏற்க மறுத்தது. 2017 முதல் பாகிஸ்தான் வேலி அமைக்கத் தொடங்கியது. இரு பக்கமும் முஸ்லிம்கள். நடுவில் அன்னியர் வரைந்த கோடு.

ஹோல்டிச் 1929இல் இறந்தார். அவர் நேர்மையாக அளந்தார். அளந்ததை நன்றாக எழுதவும் செய்தார். மலையின் உயரமும் ஆற்றின் போக்கும் அவர் கணக்கில் இருந்தன. அந்த மலையின் அப்புறம் பெண் கொடுத்து, இப்புறம் பெண் எடுத்த குடும்பங்கள் கணக்கில் வரவில்லை. நம் பிள்ளைகள் வரைபடத்தை விரித்து நாடுகளின் பெயர் படிக்கும்போது, அந்தக் கோடுகளை யார், எப்போது, யாரைக் கேட்டு வரைந்தார்கள் என்றும் சேர்த்துக் கற்றுக்கொடுப்போம்.