வெம்ப்ளி ஹீரோ டு சிறை: ஒரு கால்பந்து வீரரின் மோசடிக் கதை காஞ்சிபுரத்துக்கு ஏன் தெரியணும்?

1998 மே 25. லண்டன் வெம்ப்ளி மைதானம். ஜெயித்தால் பிரீமியர் லீக், தோற்றால் இன்னொரு வருஷம் காத்திருப்பு. சார்ல்டன் அத்லெடிக் அணி பின்தங்கியிருந்தபோது, 85-வது நிமிடத்தில் தடுப்பாட்டக்காரர் ரிச்சர்ட் ரூஃபஸ் தலையால் முட்டி கோல் அடித்தார். அந்த கிளப்புக்காக அவர் அடித்த முதல் கோல் அது. கடைசியில் பெனால்டியில் சார்ல்டன் வென்றது. ரூஃபஸ் ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார்.

2023 ஜனவரியில் அதே ரூஃபஸுக்கு லண்டன் சதர்க் நீதிமன்றம் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

நடுவில் என்ன நடந்தது?

முழங்கால் காயத்தால் 2004-ல் ஆட்டத்தை விட்டார். பிறகு, வெளிநாட்டு கரன்சி வர்த்தகத்தில் கெட்டிக்காரர் என்று தன்னைக் காட்டிக்கொண்டார். 2007 முதல் 2012 வரை நண்பர்கள், உறவினர்கள், சர்ச்சில் பழகியவர்களிடம் வாங்கிய பணம் சுமார் 1.5 கோடி பவுண்டு. ரிஸ்க் குறைவு, ஆண்டுக்கு 50 சதவிகிதத்துக்கு மேல் லாபம் என்றார். உண்மையில் வர்த்தகத்தில் பெரும் நஷ்டம். புதிதாக வந்தவர்களின் பணத்தை எடுத்து பழையவர்களுக்கு 'லாபம்' என்று கொடுத்தார். சுமார் 80 லட்சம் பவுண்டு போனது போனதுதான்.

படிச்சவங்க கூட ஏன் நம்பினாங்க?

திட்டத்தை யாரும் சோதிக்கவில்லை, ஆளைத்தான் பார்த்தார்கள். 'நம்ம ரூஃபஸ், பக்தியான பையன், ஏமாத்த மாட்டான்.' அவர் சார்ந்திருந்த சர்ச்சே சுமார் 50 லட்சம் பவுண்டு கொடுத்து, அதில் பெரும்பகுதியை இழந்தது.

இதில் காஞ்சிபுரம் எங்கே வருது?

2022 மே மாதம் ஆருத்ரா கோல்டு நிறுவனத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவு சோதனை நடத்தியது நினைவிருக்கும். காஞ்சிபுரம் உட்பட வட மாவட்டங்களில் சுமார் 1 லட்சம் பேரிடம் 2,400 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்ததாகப் போலீஸ் சொன்னது. மாதம் 30 சதவிகிதம் வரை தருவதாகச் சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு.

அந்தக் கணக்கில் 1 லட்சம் போட்டால் நாலே மாதத்தில் முதலை விட அதிகமாக வட்டியே வந்துவிடும். எந்தத் தொழிலில் இது சாத்தியம்? ஆனால் பிள்ளையார்பாளையம் மாதிரி தெருவுக்குத் தெரு சொந்தமும் தறியும் இருக்கிற இடத்தில், கணக்கை விட 'மாமா போட்டார், மாசா மாசம் வருது' என்ற பேச்சுக்குத்தான் மதிப்பு. அந்த மாமாவும் பொய் சொல்லவில்லை. அவருக்கு முதலில் நிஜமாகவே பணம் வந்திருக்கும். யாரோ ஒருவர் புதிதாகப் போட்ட பணம் அது.

போடுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

* டெபாசிட் வாங்க அனுமதியுள்ள நிதி நிறுவனங்கள் கூட ஆண்டுக்கு 12.5 சதவிகிதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பு. யாராவது அதைத் தாண்டி 'உறுதி' கொடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள்.
* ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் நிறுவனம் அனுமதி பெற்றதா என்று பார்க்கலாம், புகாரும் தரலாம்.
* ஏலச்சீட்டு என்றால் பதிவு செய்யப்பட்டதா என்று கேளுங்கள்.
* கமிஷனுக்காக உறவுக்காரர்களைச் சேர்த்துவிடாதீர்கள். அனுமதியற்ற டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டப்படி, அவற்றைப் பரப்புவதும் குற்றம்.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். சீக்கிரம் புகார் வந்தால்தான் மீதமுள்ள சொத்தையாவது முடக்க முடியும்.

பட்டுச் சேலை எடுக்கும்போது, கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் 'சில்க் மார்க்' இருக்கா, ஜரிகை அசலா என்று பார்க்கிறோம். அவரும் கோபித்துக்கொள்வதில்லை. சேமிப்பைக் கேட்டு வருகிற தெரிந்தவரிடமும் அதே கேள்வியைக் கேட்கலாம். அவர் கோபித்துக்கொண்டால், பணத்தைக் கொடுக்காதீர்கள்.