மாறா உள்ளடக்கமும் மீத்தரவும்

மாறா உள்ளடக்கம் என்பது, உருவான பின் திருத்தப்படாமல் நெடுங்காலம் காக்கப்பட வேண்டிய கணினித் தரவாகும். மருத்துவ ஸ்கேன் படங்கள், காசோலைப் படங்கள், வாக்குமூல ஒலிப்பதிவுகள் ஆகியவை இவ்வகையின. அது யாருடையது, எப்போது பதிவானது, எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் போன்ற விவரங்கள் அதன் மீத்தரவு (தரவைப் பற்றிய தரவு) எனப்படும்.

சேமிப்புக் கருவிகள் சில ஆண்டுகளில் பழையனவாகிவிடும். தரவோ அவற்றைக் கடந்து வாழ வேண்டும். பெரும்பாலும் கோப்பு ஓரிடத்திலும் அதன் விவரங்கள் தனித் தரவுத்தளத்திலும் இருக்கும். கோப்பின் இட முகவரியே இரண்டையும் இணைக்கிறது. புதிய கருவிக்கு மாற்றும்போது அந்த முகவரி மாறினால் இணைப்பு அறுந்துவிடும். ஒலிப்பதிவு பழுதின்றி வந்து சேர்ந்தாலும், பேசியவர் யார், எந்த வழக்கு என்று தெரியாவிட்டால் அதனால் என்ன பயன்? மருத்துவத் துறையின் டைகாம் தரநிலை, நோயாளியின் பெயரையும் எண்ணையும் படக்கோப்பின் உள்ளேயே வைத்துவிடுகிறது. எல்லாத் துறைகளிலும் இந்த வசதி இல்லை.

2002இல் ஈஎம்சி நிறுவனம் வெளியிட்ட சென்டெரா வேறு வழியைக் கையாண்டது. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதையே முகவரியாக்கியது. கைரேகை போன்ற இவ்வெண் ஹாஷ் எனப்படும். ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறுவதால், யாரேனும் திருத்தியிருந்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த முகவரி அந்நிறுவனத்தின் கருவிக்கு மட்டுமே புரியும்.

இக்குறையைப் போக்க, ஸ்னியா எனும் சேமிப்புத் தொழில் சங்கம் 2008இல் எக்ஸ்ஏஎம் தரநிலையை வெளியிட்டது. இதில் உள்ளடக்கமும் மீத்தரவும் எக்ஸ்செட் என்ற ஒரே பொதியில் அடங்கும். மாணவன் பள்ளி மாறும்போது மாற்றுச் சான்றிதழும் உடன் செல்வதைப் போன்றது இது. பொதிக்குத் தரப்படும் அடையாள எண், எந்த நிறுவனத்தின் கருவிக்குச் சென்றாலும் மாறாது. பொதியின் புலங்களில் சில பிணைப்புள்ளவை. அவற்றைத் திருத்தினால் புதிய அடையாள எண் பிறக்கும். பிணைப்பில்லாத புலங்களை எண் மாறாமலே திருத்தலாம். உள்ளடக்கம் மாறாதது, அதைப் பற்றிய குறிப்புகள் வளரக்கூடியவை என்ற வேறுபாட்டை இது நன்கு உணர்ந்திருந்தது. நல்ல ஏற்பாடுதான், எனினும் பரவலாகவில்லை.

இன்று மேகச் சேமிப்பே பெருவழக்கு. அமேசான் எஸ்3 போன்றவற்றிலும் கோப்புடன் மீத்தரவை இணைக்கலாம். ஆனால் கோப்பைச் சாதாரண வட்டில் பதிவிறக்கினால், அந்த விவரங்கள் தாமாக உடன் வருவதில்லை. ஆதலால் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் பேக்இட் முறையை நாடுகின்றன. ஒரு கோப்புறையில் கோப்புகள், அவற்றின் ஹாஷ் பட்டியல், விவரக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து வைப்பதே இம்முறை. பட்டியலும் குறிப்பும் வெறும் உரைக்கோப்புகளே என்பதால், எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம்.