உங்கள் ஊருக்கு வந்த பேராசிரியர் அடுத்த ஆண்டும் வருவாரா?

பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து மாணவர்கள் உங்கள் ஊருக்கு முகாம் வந்திருப்பார்கள். ஏழு நாள் தங்கி ஊருணிக் கரையைச் சுத்தம் செய்வார்கள், பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள், ஒரு நாள் மருத்துவ முகாமும் இருக்கும். அந்த வாரம் ஊர் வாட்ஸ்ஆப் குழு முழுக்க அவங்க படம்தான். அந்தப் படங்களை இன்னொரு தடவை பாருங்க. ஓரமாக, கையில் வருகைப் பதிவேட்டோடு ஒருத்தர் நிற்பார். அவர்தான் என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் திட்ட அலுவலர். வகுப்பு எடுப்பதோடு சேர்த்து, இந்த வேலையையும் பார்க்கிற ஆசிரியர்.

மாணவர்கள் படிப்பு முடிந்ததும் போய்விடுவார்கள். ஊருக்கும் கல்லூரிக்கும் நடுவில் நிற்கிற ஆள் இவர்தான். இவர் அடுத்த ஆண்டும் வருவாரா என்பது நல்ல மனசை மட்டும் பொறுத்தது இல்லை. அவருடைய வேலை நேரத்தை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள், பதவி உயர்வுக்கு எதைப் பார்க்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. இதற்குப் பெயர்தான் மனிதவள நடைமுறை. ஹெச்.ஆர். என்றால் ஐ.டி. கம்பெனி விஷயம் என்று நினைக்க வேண்டாம், பல்கலைக்கழகத்திலும் உண்டு.

நேரக் கணக்கு

என்.எஸ்.எஸ். 1969-ல் தொடங்கியது. ஒரு மாணவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் சமூகப் பணி செய்ய வேண்டும். பொதுவாக ஓர் அணியில் 100 பேர். அந்த 100 பேரையும் பார்த்துக்கொள்வது ஒரே ஆசிரியர்.

இப்போது அவருடைய வேலை நேரத்தைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி முழுநேர ஆசிரியருக்கு வாரத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பணி. அதில் உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் 16 மணி நேரம். மிச்ச நேரத்தில்தான் விடைத்தாள் திருத்தம், ஆய்வு, அலுவலகக் கோப்பு எல்லாமே. ஊர்ப்பணிக்கு இத்தனை மணி என்று பணி அட்டவணையில் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேலை. எழுதாவிட்டால் அது அவருடைய ஞாயிற்றுக்கிழமை.

பதவி உயர்வில் எவ்வளவு எடை?

அதே 2018 விதிமுறையில் ஆண்டு மதிப்பீட்டுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது, வகுப்பு எடுத்த அளவு. இரண்டாவது, மற்ற பணிகள். என்.எஸ்.எஸ்., சமூக சேவை இரண்டும் இந்த இரண்டாவது பட்டியலில் வருகின்றன. ஆனால் தேர்வுப் பணி, நிர்வாகப் பொறுப்பு, கருத்தரங்கு நடத்துவது, ஆய்வு, கட்டுரை எழுதுவது எல்லாமே அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஏதாவது மூன்று வகையில் ஈடுபட்டிருந்தால் ‘நன்று’ கிடைத்துவிடும். அதாவது, ஊர்ப்பக்கமே வராமலும் நல்ல மதிப்பீடு வாங்கலாம்.

ஆய்வு மதிப்பெண்ணுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்குத் துறையைப் பொறுத்து 8 அல்லது 10 மதிப்பெண். நேரடியாகப் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்க 120 மதிப்பெண் வேண்டும். உங்கள் ஊரில் ஏழு நாள் தங்கியதற்கு அந்த அட்டவணையில் தனி வரி கிடையாது. அப்படியென்றால், இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்ற நிலையில் இருக்கிற இளம் ஆசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அவரைக் குறை சொல்லவும் முடியாதுதானே.

வேலையே இதுதான் என்றால்?

இதற்கு நேர் எதிரான உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தில் தொடங்கப்பட்டது. இன்று நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 16. அதில் ஒரு தலைவர், ஆறு பாட வல்லுநர்கள். விவசாயியின் வயலுக்குப் போய்ப் பரிசோதனை செய்வது, செயல்விளக்கம் காட்டுவது, பயிற்சி கொடுப்பது எல்லாம் இவர்களுக்குக் கூடுதல் சேவை இல்லை. சம்பளம் வாங்குகிற வேலையே அதுதான். அவர்களுடைய பணி வரையறையிலேயே நீங்கள் இருக்கிறீர்கள். ஒருவர் மாறிப் போனாலும் பணியிடம் அங்கேயே இருக்கும். அடுத்தவர் வருவார்.

எல்லாக் கல்லூரியிலும் 16 பணியிடம் உருவாக்க முடியாது. ஆனால் பெரிய செலவில்லாமல் ஒரு பல்கலைக்கழகம் செய்யக்கூடியவை உண்டு:

• ஊர்ப்பணிக்கான மணி நேரத்தைப் பணி அட்டவணையிலேயே எழுதுவது.
• பணி நியமன நேர்காணலில், மக்களோடு வேலை செய்த அனுபவத்தையும் கேட்பது.
• புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு, பொதுமக்களிடம் எளிமையாகப் பேசப் பயிற்சி தருவது.
• பயணப்படியை இழுத்தடிக்காமல் கொடுப்பது.
• முகாம் நாட்களைப் பணி நாட்களாகக் கணக்கிடுவது, கௌரவ விரிவுரையாளர்களுக்கும் சேர்த்து.
• பொறுப்பு கைமாறும்போது ஊர்த் தொடர்புகளை எழுத்தில் ஒப்படைக்கச் சொல்வது.

சரி, இதுல நாம என்ன செய்யலாம்?

1. நன்றியை எழுத்தில் கொடுங்கள். “ரொம்ப நன்றி சார்” என்று வாயால் சொல்வது கோப்பில் ஏறாது. பதவி உயர்வுக்கு ஆசிரியர்கள் ஆதாரம் இணைக்க வேண்டும். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை பேர் பயனடைந்தார்கள், என்ன மாறியது என்று நாலு வரி எழுதி, ஊராட்சி அல்லது குடியிருப்போர் நலச் சங்கத்தின் முத்திரையோடு கொடுங்கள். ஒரு பிரதியைக் கல்லூரி முதல்வருக்கும் அனுப்புங்கள்.

2. கல்லூரி இணையதளத்தைத் திறந்து பாருங்கள். நாக் தர மதிப்பீட்டுக்கான அறிக்கைகளைக் கல்லூரிகள் அதில் வெளியிடுகின்றன. அதன் மூன்றாவது பிரிவில் ஆய்வோடு சேர்த்து விரிவாக்கப் பணிகளும் வரும். உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா, சொன்ன வேலை நடந்ததா என்று நீங்களே சரிபார்க்கலாம்.

3. ஊருக்கு என்ன தேவை என்பதை நீங்களே முதலில் சொல்லுங்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை நாட்களில் பேசி முடிவெடுத்து, கல்லூரிக்குக் கடிதம் எழுதுங்கள். உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் சேர்ந்துள்ள கல்லூரி என்றால் குறைந்தது ஐந்து கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். உங்கள் ஊர் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

4. தெரியவில்லையா, தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பித்து, விரிவாக்கப் பணிக்கு ஆசிரியர்களுக்கு ஒதுக்கிய நேரம் எவ்வளவு என்று கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

அடுத்த முறை முகாம் வரும்போது மாணவர்களோடு செல்ஃபி எடுங்க, தப்பில்லை. அப்படியே அந்தத் திட்ட அலுவலரிடம் பெயரும் துறையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடிதம் எழுத அது தேவைப்படும்.