சிறு தொட்டியும் சில மீன்களும்

சிறிய தொட்டியானால் வேலையும் சிறிதாகவே இருக்கும் என்று எண்ணியே நம்மில் பலர் மீன் வளர்ப்பில் இறங்குகின்றனர். எஸ்டேட் குடியிருப்புகளில் இடமும் குறைவு. ஆகவே ஒரு கண்ணாடிக் குடுவை, இரண்டு தங்கமீன்கள், ஒரு பிடி வண்ணக் கல் என்று தொடங்குகிறது. பத்து நாளில் நீர் கலங்குகிறது, பதினைந்தாம் நாள் மீன் மிதக்கிறது, குழந்தை அழுகிறது. 'தேவாலாக் குளிருக்கு மீன் ஒத்துவராது' என்று சொல்லிக் குடுவையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

குளிரின் மேல் சுமத்தப்படும் இப்பழி பெரும்பாலும் நியாயமற்றது. தங்கமீன் குளிர்நீர் மீனே. குளிர் அதற்குப் பகையன்று. அதைக் கொன்றது நீரின் அளவு. நூறு லிட்டர் தொட்டியில் பொறுத்துக்கொள்ளப்படும் பிழை ஐந்து லிட்டர் குடுவையில் உயிரை வாங்கிவிடுகிறது. தொட்டி சிறுக்கச் சிறுக்க வளர்ப்பவரின் பொறுமை பெருக வேண்டும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் பல மீன்கள் பிழைக்கும்.

கண்ணாடிக்குள் நீருலகை அமைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது மலைநாட்டாராகிய நமக்குச் சுவையான செய்தி. இலண்டன் மருத்துவரான நத்தானியேல் வார்டு என்பவர், மூடிய கண்ணாடிக்குள் செடி நெடுநாள் உயிர்வாழும் என்பதை 1829-இல் தற்செயலாகக் கண்டார். அவர் பெயரால் வழங்கிய கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் கடந்து இந்தியாவின் இமயமலைத் தோட்டங்களுக்கு வந்தன. 1861-இல் தென் அமெரிக்கச் சின்கோனாக் கன்றுகள் உதகைக்கு வந்ததும் அவ்வகைப் பெட்டிகளில்தான். அதே நகரில் இராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியலார் நீரில் இம்முறையைச் சோதித்தார். இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்ச்செடியையும் ஒரு தொட்டியில் இட்டார். செடியின் அழுகிய இலைகளால் நீர் கெட்டது. பின்னர்க் குளத்து நத்தைகளை விட்டார், அவை அழுகலைத் தின்றன, நீர் தெளிந்தது. 1850-இல் இதனை அவர் வேதியியல் சங்கத்துக்கு அறிவித்தார். செடி, மீன், அழுகலை உண்ணும் உயிர் என்ற மூவரின் கூட்டுக் குடித்தனம் இவ்வாறு தொடங்கியது.

வாரிங்டனின் கண்ணுக்குப் படாத நான்காவது குடித்தனக்காரர் ஒருவர் உண்டு. மீனின் செவுள்வழியும் கழிவின்வழியும் அமோனியா நீரில் சேர்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அமோனியாவாகிறது. இது மீனுக்கு நஞ்சு. சல்லியிலும் பஞ்சிலும் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும்; அதனால் தீங்கு குறைவு, செடியும் அதை உண்ணும். இந்நுண்ணுயிர்கள் கடையில் வாங்கியவுடன் வந்து நிற்பவை அல்ல. அவை பெருகிப் பணிபுரிய நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் தாமதமாகும். தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்குவது, அடுப்புக் கூட்டாத வீட்டிற்கு விருந்தினரை அழைப்பதற்கு ஒப்பாகும். முதலில் சல்லி, செடி, நீர் ஆகியவற்றை மட்டும் அமைத்து, இரண்டொரு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகைத் தீனியை வெறும் தொட்டியில் இட்டுவந்தால் நுண்ணுயிர்கள் உணவு பெற்றுப் பெருகும். நன்றாக நடந்துவரும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிச் சல்லியோ பழைய பஞ்சோ கிடைத்தால் காலம் சுருங்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் முற்றிலும் மறைந்தனவா என்று காட்டும் சோதனைத் தாள்களும் துளி மருந்துகளும் மீன் கடைகளில் கிடைக்கின்றன. செலவைப் பாராமல் ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மீன் வாங்கும் பணத்தைவிட இது பயனுள்ள செலவு.

இனித் தொட்டி. 45 சென்டிமீட்டர் நீளமும், 25 அகலமும், 25 உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 28 லிட்டர் கொள்ளும். இதற்குக் கீழே இறங்காதிருப்பது நலம். நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து 35 கிலோவை எட்டும் என்பதால் ஆடாத பலகை வேண்டும். உருண்டைக் குடுவையை அறவே விலக்குக: நீரின் மேற்பரப்பு குறுகியிருப்பதால் காற்று கலப்பது குறையும், வடிகட்டி வைக்கவும் இடமிராது. பத்து லிட்டர்தான் இயலும் என்பவர்கள் மீன் இன்றிச் செடியும் நத்தையும் மட்டும் வளர்க்கலாம். அதுவும் காணத்தக்க காட்சியே.

எந்த நீரை ஊற்றுவது? தேவாலாவில் இது எளிய கேள்வியன்று. தென்மேற்குப் பருவத்தில் தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெய்த இடங்களைச் செய்தியில் வாசிக்கும்போது தேவாலாவின் பெயர் அடிக்கடி வரும். அவ்வளவு மழை இருக்கும்போது கூரைநீரைப் பிடித்து ஊற்றலாமே என்று தோன்றும். மழைநீரில் உப்புகள் இல்லை. ஆதலால் அமிலத்தைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. மீன் இருக்கும் தொட்டியில் நாள்தோறும் சிறிது அமிலம் உண்டாவது இயற்கை. கிணற்று நீர் அதைத் தாங்கும். தனி மழைநீர் சில வாரங்களில் திடீரெனப் புளித்துவிடும். அமிலம் மிகுந்தால் நமது நுண்ணுயிர்களும் வேலையை நிறுத்தும். மேலும் துத்தநாகம் பூசிய தகரக் கூரையின்மேல் வழிந்த மென்மையான நீர் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு வரும். ஊற்று நீரோ கிணற்று நீரோ கிடைக்குமாயின் அதுவே முதல் தரம். அதுவும் மிக மென்மையாக இருந்தால் ஒரு சிறு துணிப்பையில் கழுவிய கிளிஞ்சல் ஓடுகளைப் போட்டுத் தொட்டியின் மூலையில் வைக்கலாம். நீர் புளிக்கும்போது ஓடு சிறிது சிறிதாகக் கரைந்து சமன் செய்யும். குளோரின் கலந்த குழாய்நீரை அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்தோ, மீன் கடையில் விற்கும் ஹைப்போ கரைசலை அளவோடு இட்டோ பயன்படுத்துக.

தேயிலைச் சரிவின் கீழ் ஓடும் ஓடை நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1946-இல் தென்னிந்தியத் தேயிலையைத் தாக்கிய கொப்புள நோய்க்கு மருந்தாகச் செம்புச் சேர்மங்களைத் தெளிப்பது நெடுநாளைய வழக்கம். மழைக்காலமே அந்நோயின் காலம். மிகச் சிறிதளவு செம்பும் நத்தைக்கும் இறாலுக்கும் கொடிய நஞ்சு. ஓடை கண்ணுக்குப் பளிங்காகத் தெரியலாம், அதனால் என்ன? மணலுக்கும் இவ்வாறே. 1880-ஆம் ஆண்டையொட்டித் தேவாலாவில் தங்கம் தேடி ஆங்கிலேயக் கம்பெனிகள் தோண்டியதும் சில ஆண்டுகளில் கைவிட்டுச் சென்றதும் ஊரறிந்த கதை. அக்குழிகளை நாடிப் பொன்துகள் அலசுவோர் பிற்காலத்திலும் இருந்தனர். பொன்னைப் பிரிக்கப் பாதரசம் பயன்படுத்துவது இத்தொழிலின் வழக்கம். பழைய சுரங்கங்களின் அருகிலுள்ள மணலைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். கட்டடத்துக்கு விற்கும் நல்ல ஆற்றுச் சல்லியைச் சலித்து, நீர் தெளியும்வரை பத்துமுறை கழுவி இடுவதே போதும்.

மார்கழி, தை இரவுகளின் குளிருக்கு வருவோம். இங்குதான் மீனைத் தேர்ந்தெடுக்கும் அறிவு வேண்டும். தாய்லாந்து நாட்டு பைட்டர் மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பம் தேவை. நமது பனையேறிக் கெண்டையின் உறவினமாகிய இம்மீன், செவுளுக்கு மேலுள்ள ஒரு தனி உறுப்பால் மேற்பரப்புக் காற்றைச் சுவாசிக்கும். (பனையேறிக் கெண்டை பனையில் ஏறியதைத் தான் கண்டதாகத் தரங்கம்பாடியில் இருந்த டேனியத் துணைத்தளபதி டால்டோர்ஃப் எழுதியது 1797-இல் அச்சேறியது. அதை நம்பியவரும் உண்டு, நகைத்தவரும் உண்டு.) இவ்வாறு காற்றைச் சுவாசிப்பதால்தான் கடைக்காரர் பைட்டரைச் சிறு புட்டியில் அடைத்து விற்கிறார். புட்டியில் சாகாமலிருப்பது வேறு, வாழ்வது வேறு. பைட்டரை விரும்புவோர் ஒரே ஒரு மீனை வைத்து, 50 வாட் வெப்பமூட்டியும் பொருத்த வேண்டும். காற்று மழையில் இரண்டு நாள் மின்சாரம் போகும் ஊரில் இது சற்றே கவலைக்குரிய ஏற்பாடு.

எமது பரிந்துரை, கடைகளில் 'ஒயிட் கிளவுட்' என்னும் பெயரில் கிடைக்கும் சிறுமீனே. தென்சீனத்தின் குவாங்சௌ நகரை அடுத்த வெண்முகில் மலையின் ஓடைகளில் கண்டெடுக்கப்பட்டு 1932-இல் அறிவியல் பெயர் பெற்றது. நான்கு சென்டிமீட்டருக்குள் அடங்கும் உடல், பக்கவாட்டில் பொன்கோடு, செந்நிற வால். 18 முதல் 22 டிகிரி வெப்பமே அதற்கு உகந்தது, வெப்பமூட்டி வேண்டா. மலைமீனுக்கு மலையூர் ஏற்ற இல்லமாகிறது. தன் பிறப்பிடத்திலோ அது அருகிவிட்டது; இன்று உலகெங்கும் விற்கப்படுபவை வளர்ப்புத் தொட்டிகளில் பிறந்தவை. ஆறு மீன்கள் கூட்டமாக இருந்தால்தான் அச்சமின்றி நீந்தும். துள்ளும் இயல்புடையது, மூடி அவசியம். இது கிட்டாவிடில் ஆண் கப்பி மூன்று நான்கு போதும். ஆணும் பெண்ணும் சேர்த்து வாங்கினால் ஆறு மாதத்தில் அண்டை வீட்டாருக்கெல்லாம் கப்பி வழங்க நேரிடும்.

வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்பெற்ற சென்னைக் கொளத்தூர் போன்ற இடங்களின் நீர் நம் மலை நீரினின்று பெரிதும் வேறுபட்டது. அத்தகைய இடத்திலிருந்து வந்த மீனை நேராகக் கவிழ்த்துவிடக் கூடாது. பையை இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டு, பின் அரை தம்ளர் அரை தம்ளராகத் தொட்டி நீரைப் பைக்குள் சேர்த்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுக. பை நீரை வெளியே கொட்டுக. முதல் நாள் இரண்டு மீன். இரண்டு வாரம் கழித்து மேலும் இரண்டு.

அன்றாடப் பராமரிப்பு மிகக் குறைவு. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி; வாரத்தில் ஒருநாள் பட்டினி கிடந்தாலும் கெடுதியில்லை. தீனி போடும் உரிமையைக் குழந்தைகள் எல்லாருக்கும் கொடுத்தால் ஆளுக்கொரு பிடி போடுவர். கிழமைக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்க. வாரம் ஒருமுறை ஐந்தில் ஒரு பங்கு நீரைக் குழாயால் உறிஞ்சி அகற்றி, அதே வெப்பமுள்ள புதுநீரை ஊற்றுக. வடிகட்டும் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த அந்தப் பழைய நீரிலேயே பிழிய வேண்டும். குளோரின் நீரில் அலசினால் ஆறு வாரமாகச் சேர்ந்த நுண்ணுயிர்கள் ஒரு நிமிடத்தில் மடியும். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கும் தாய்மார்களே தொட்டியையும் முழுதாகக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுகிறார்கள். மீன் சாவதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். நேர்வெயில் படும் சன்னலோரம் வேண்டாம். பாசி பச்சையாகப் படரும். ஜாவா மாஸ் என்னும் பாசிச்செடி மங்கிய ஒளியிலும் குளிரிலும் வளர்வதால் நமது ஆடி மாத இருட்டுக்கு ஏற்றது. மின்தடையின்போது தீனியை நிறுத்துக. மீன் குறைவாகவும் செடி நிறைவாகவும் உள்ள தொட்டி ஒருநாள் தடையைத் தாங்கும்.

'தொட்டியைச் சுத்தம் செய்யும் மீன்' என்று விற்கப்படும் சக்கர் மீன் ஓரடிக்கு மேல் வளரும். அலுத்துப்போனவர்கள் இதை ஆற்றில் விட்டதால் தமிழகம், கேரளம் இரண்டிலும் நீர்நிலைகளில் அது பெருகிவிட்டது. தேவாலா, நாடுகாணிப் பக்கத்து ஓடைகள் மேற்கே இறங்கிச் சாலியாற்றில் கலக்கின்றன. 'மிஸ் கேரளா' என உலகக் கடைகளில் புகழ்பெற்ற சிவப்புக்கோட்டு மீன் அவ்வாற்று மீன்களுள் ஒன்று. 1865-இல் அதனை விவரித்த பிரான்சிஸ் டே, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை அதற்கு இட்டார். இன்று அது அழியும் நிலையிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. நாம் இரக்கத்தோடு ஓடையில் விடும் கப்பியும் சக்கரும் இத்தகைய மீன்களின் உணவையும் முட்டையையும் பங்குபோட்டுக்கொள்ளும். ஆகவே வளர்க்க இயலாமற் போனால் மீனை வேறொரு வளர்ப்பாளரிடமோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். மாற்றிய நீரைச் செடித் தொட்டிக்கு ஊற்றலாம். நைட்ரேட் நல்ல உரம். கத்தரித்த பாசியையும் நத்தை முட்டையையும் சாக்கடையில் எறியாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் சேர்க்கவும்.