கீழ்ப்படியில் தொடங்கிய கோல்!

குட்டீஸ், வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ் ஏறியிருக்கிறீர்களா? ஏறி உட்கார்ந்ததும் கொடைக்கானல் வந்துவிடாது. மலையடிவாரத்தைத் தொட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போனால்தான் சுமார் 7,000 அடி உயரத்தை எட்ட முடியும்.

கால்பந்து வீரரின் வாழ்க்கையும் அப்படித்தான். டிவியில் நாம் பார்க்கும் மெஸ்சியும் ரொனால்டோவும் மலை உச்சியில் நிற்பவர்கள். கால்பந்தைத் தொழிலாகக் கொண்டவர்களில் பெரும்பாலோர் நடுவழி வளைவுகளில் இருப்பவர்கள். இந்த வாரம் அவர்களைச் சந்திப்போமா?

இத்தாலியின் படிக்கட்டு

இத்தாலியில் கால்பந்து ஒரு படிக்கட்டு போல அமைந்திருக்கிறது. உச்சியில் 'சீரி ஏ'. அதில் 20 கிளப்புகள். அடுத்து 'சீரி பி'. அதிலும் 20 கிளப்புகள். மூன்றாவது படி 'சீரி சி'. அங்கே 60 கிளப்புகள்! அதற்கும் கீழே இருப்பவை முழுநேரத் தொழில்முறை லீகுகள் அல்ல.

ஒரு கிளப்புக்கு 20 வீரர்கள் என்று வைத்தாலும், சீரி சி-யில் மட்டும் எத்தனை பேர்? சரியாகச் சொன்னீர்கள், 1,200 பேர்! ஆனால், அந்த 60 கிளப்புகளில் ஆண்டுக்கு 4 மட்டுமே மேல் படிக்கு ஏறும். மோசமாக ஆடும் கிளப்புகள் கீழே இறக்கப்படும். அதனால் ஒவ்வொரு ஆட்டமும் பரீட்சைதான்.

இந்தப் படிக்கட்டின் அடியிலிருந்து உச்சிக்குப் போன ஒருவர் தாரியோ ஹூப்னர். 1967-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே படிப்பை விட்டுப் பட்டறை வேலைக்குப் போனார். இருபது வயது வாக்கில்தான் சின்னச் சின்ன ஊர்களின் கிளப்புகளில் ஆடத் தொடங்கினார். சீரி ஏ-யில் முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு வயது 30! பலர் ஓய்வை யோசிக்கும் வயது அது. 1997-ல் நடந்த அந்த ஆட்டத்தில், புகழ்பெற்ற இன்டர் மிலான் அணிக்கு எதிராக ஒரு கோலும் போட்டார்.

2001-02 பருவத்தில் பியாசென்சா என்ற சிறிய கிளப்புக்காக 24 கோல்கள் அடித்தார். பிரான்ஸ் வீரர் திரெசெகெயுடன் சேர்ந்து, சீரி ஏ-யில் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 35. ஆனாலும், இத்தாலி தேசிய அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடியதில்லை.

நம்ம சென்னைப் பையன்

இத்தாலி ரொம்பத் தூரம் என்கிறீர்களா? சரி, சென்னைக்கு வருவோம். நந்தகுமார் சேகர், 1995-ல் சென்னையில் பிறந்தவர். அப்பா ஆட்டோ ஓட்டுநர். சென்னை லீகில் ஆடி, 2017-ல் சென்னை சிட்டி எஃப்.சி. அணிக்காக ஐ-லீகில் இறங்கினார். அதே ஆண்டு ஐ.எஸ்.எல். போட்டியில் டெல்லி டைனமோஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

2019-ல் அந்தக் கிளப்பே டெல்லியை விட்டு புவனேஸ்வருக்கு மாறி, 'ஒடிசா எஃப்.சி.' ஆகிவிட்டது! வீரரும் மூட்டை கட்டத்தானே வேண்டும்? நந்தகுமார் அங்கேயும் போய் ஆடினார். 2023 ஏப்ரலில் ஒடிசா சூப்பர் கோப்பையை வென்றது. பிறகு இந்திய அணியின் சட்டையும் கிடைத்தது.

அதே ஆண்டு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு மாறினார். அந்த அணிக்கும் மோகன் பகானுக்கும் நடக்கும் ஆட்டம் என்றால் கொல்கத்தாவே இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஈஸ்ட் பெங்காலோ அந்த மோதலில் நான்கரை ஆண்டுகளாக ஜெயிக்கவே இல்லை. தொடர்ந்து 8 தோல்விகள்!

2023 ஆகஸ்ட் 12. டூரண்ட் கோப்பை ஆட்டம். 60-வது நிமிடத்தில் நந்தகுமார் அடித்தார் பாருங்கள், ஒரு கோல்! ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். ஈஸ்ட் பெங்கால் 1-0 என வென்றது. 2024 ஜனவரியில் நடந்த சூப்பர் கோப்பை இறுதி ஆட்டத்தில், தன் பழைய அணியான ஒடிசாவுக்கு எதிராகவும் ஒரு கோல் போட்டார். 12 ஆண்டுகளுக்குப் பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குத் தேசிய அளவிலான ஒரு கோப்பை கிடைத்தது.

கோவையில் ஒரு கொண்டாட்டம்

நந்தகுமார் ஆடிய சென்னை சிட்டியின் கதையும் சுவையானது. 2018-19-ல் கோவை நேரு விளையாட்டரங்கம்தான் அதன் சொந்த மைதானம். ஸ்பெயினின் கீழ்நிலை லீகுகளில் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோ மான்சி என்ற வீரர் இங்கே வந்து 21 கோல்கள் அடித்தார். 2019 மார்ச் 9-ல் நடந்த கடைசி ஆட்டத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று, சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. 43 புள்ளிகள்! இரண்டாம் இடம் பிடித்த ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம்.

ஆனால், 2020-21 பருவத்துக்குப் பிறகு அந்த அணி ஐ-லீகில் ஆடவில்லை. சாம்பியன் கிளப்புக்கே இந்த நிலை என்றால், வீரர்களின் கதி? வேறு கிளப் தேட வேண்டியதுதான்.

இதுதான் இந்தத் தொழிலின் கஷ்டம். வீரரின் சம்பளம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தம் முடிந்தால் சம்பளமும் முடிந்தது. முழங்காலில் பெரிய காயம் பட்டால் ஒரு பருவமே வீணாகலாம். 35 வயது தாண்டியும் ஆடுபவர்கள் கொஞ்சம் பேர்தான். அதற்குப் பிறகும் வாழ்க்கை நீளமாக இருக்கிறதே! அதனால்தான் நம் ஊர் வீரர்கள் பலர் ரயில்வே, வங்கி, போலீஸ் போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடுகிறார்கள். இந்திய மகளிர் அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன், தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர் ஆனவர்.

'பெண்களுக்கும் கிளப் இருக்கிறதா?' என்று கேட்கும் சுட்டிப் பெண்ணே, உனக்கு ஒரு சேதி. நம் பக்கத்து ஊர் மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி., 2019-ல் இந்திய மகளிர் லீகையே வென்றது. இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 எனத் தோற்கடித்தது.

ஆக, பள்ளி மைதானத்தில் பந்தை உதைக்கும் குட்டீஸ், இரண்டு விஷயங்களை மறக்காதீர்கள். ஒன்று, உங்கள் பள்ளி அணிதான் உங்கள் முதல் படி. அடுத்தது வட்டார அளவிலான போட்டி, அதற்கடுத்தது மாவட்டம். ஒவ்வொன்றாக ஏறுங்கள். இரண்டு, பந்து ஒரு காலில் இருந்தாலும் புத்தகம் கையில் இருக்கட்டும். கிளப் மூடினாலும் காலில் அடிபட்டாலும், படித்த படிப்பை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது.

சரி, சாயங்காலம் ஆகிவிட்டதே... வீட்டுப்பாடம் முடித்தாச்சா? அப்படியென்றால் ஓடுங்கள் மைதானத்துக்கு!